அதற்கு டிரையல் என்று பெயர் வைத்தார்கள்

போன வாரம் வகுப்பு முடியும் நேரத்தில் உங்களில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேடம், டெஸ்ட்டு, செக்கு, டிரையலு, மாக்கு... எல்லாத்துக்கும் தமிழ்ல சோதனைன்னுதான் புக்குல போட்டிருக்கு. அப்ப எல்லாம் ஒண்ணுதானே? எதுக்கு நாலு வார்த்தைய மனப்பாடம் பண்ணிக்கினு இருக்கணும்?"

எல்லோரும் சிரித்தீர்கள். நான் பலகையில் வார்த்தைக்கு ஒரு வரி எழுதிப் போட்டேன். என்ன இருக்கிறதோ அதைக் கண்டுபிடிப்பது டெஸ்ட். இருக்கவேண்டியபடி இருக்கிறதா என்று பார்ப்பது செக். புதிதாக ஒன்றை ஓடவிட்டு, தாங்குமா தாங்காதா என்று பார்ப்பது டிரையல். ஆபத்து வந்ததுபோல நடித்துப் பழகுவது மாக். நீங்களும் எழுதிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டீர்கள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. பரீட்சைக்கு அந்த நாலு வரி போதும். வேலைக்குப் போதாது. நாளைக்கு நீங்கள் ஏதோ ஒரு பால் ஆலையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பீர்கள். உங்களுக்கு மேலே இருப்பவர் ஒருநாள் வந்து, இந்த வார்த்தைகளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கச் சொல்வார். ரொம்ப மரியாதையாகத்தான் சொல்வார். அப்போது என்ன நடக்கும் என்பதை, எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். ஆறுதலான கதை இல்லை. ஆறுதல் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கண்டமங்கலம். எங்கள் தெருவில் வேலை என்றால் பாண்டிச்சேரிதான். காலையில் போய் சாயந்திரம் திரும்புவார்கள். நான் ஒருத்திதான் எதிர்த்திசையில் போனேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, திண்டிவனம் பக்கத்தில் ஒரு தனியார் பால் ஆலையில் லேபுக்குச் சேர்ந்தேன். கல்யாணமாகித் திண்டிவனத்திலேயே தங்கியும்விட்டேன்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஆலை மேலாளர். பெயர் வேண்டாம். நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கற்றுக்கொடுத்தது. சேர்ந்த புதிதில் ஒரு டேங்கர் பாலை நான் திருப்பி அனுப்பச் சொன்னேன். மாதிரியைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கொதிக்கவைத்ததும் திரிந்துவிட்டது. பாலைக் கொண்டுவந்த ஏஜென்ட், அரசியல் செல்வாக்கு உள்ளவர், லேப் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இன்னொரு வாட்டி டிரை பண்ணிப் பாரும்மா. ஒரு வாட்டி திரிஞ்சா மறுவாட்டியும் திரியுமா இன்னா?"

நான் பயந்துபோய் சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "டெஸ்ட்டுல டிரை கிடையாதுங்க. வண்டியத் திருப்புங்க" என்றார். ஏஜென்ட் கத்திக்கொண்டே போனார். சார் என் பக்கம் திரும்பி, "நமக்குப் புடிச்ச பதில் வர்ற வரைக்கும் பண்ணிக்கினே இருந்தா, அதுக்குப் பேரு டெஸ்ட் இல்ல ஸ்டெல்லா" என்றார்.

அதன்பிறகு எத்தனையோ வருடம் அந்த மனிதருக்காக நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்லியிருப்பேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் ஒரு கெட்டவனுடைய கதை என்று நினைத்துவிடுவீர்கள். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பேஜாரே.

லேபுக்கு அடுத்த கட்டடம் பேக்கிங் செக்‌ஷன். ஒலக்கூர் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி வேனில் வரும் பெண்கள்தான் அங்கே முழுக்க வேலை செய்தார்கள். அதில் செல்வி என்று ஒருத்தி. புருஷனுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. அறுவடை சமயத்தில் வேக வைத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, பொட்டலமாகக் கட்டிவந்து, கேட்காமலேயே என் கோட்டுப் பையில் திணித்துவிட்டுப் போவாள். லேபுக்குள் தின்பண்டம் கூடாது என்று நான் திட்டினால், "நீங்க டெஸ்ட்டு பண்ணி ரிசல்ட்டு சொல்லுங்க மேடம், உப்பு போதுமா இன்னான்னு" என்பாள். அவள் குரல் எந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

ஏதோ ஒரு சான்றிதழுக்காகக் கம்பெனியில் மாக் டிரில் நடத்த ஆரம்பித்தார்கள். சைரன் அடிக்கும். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் புங்கமரத்தடியில் போய் நிற்க வேண்டும். போட்டோ எடுப்பார்கள். முதல் முறை ஒழுங்காக நடந்தது. இரண்டாம் முறை, உற்பத்தி கெட்டுப்போகிறது என்று மேலிடத்தில் முணுமுணுத்தார்கள். அதற்குப் பிறகு சைரன் அடித்தால் கதவோரம் இருக்கிற சிலர் மட்டும் போய்ப் போட்டோவுக்கு நின்றால் போதும் என்று பேக்கிங் சூப்பர்வைசர் ஏற்பாடு செய்துவிட்டார். மற்றவர்கள் கை நிற்காது. சைரன் என்றால் போட்டோ என்று ஆகிவிட்டது.

அந்த வருடம் கோடைக்கு முன்னால் புதிதாக ஒரு குளிர் அறை கட்டினார்கள். குளிரூட்டுவது அமோனியா வாயு. அது ஓடும் குழாயை முதலில் வெறும் காற்றடைத்து, அழுத்தம் தாங்குகிறதா என்று டெஸ்ட் பண்ணியாக வேண்டும். அது முடியவில்லை. வெல்டிங் ஆட்கள் இன்னும் அவகாசம் கேட்டிருக்கிறார்கள். சீசன் வந்துவிட்டது, மேலிடம் நெருக்குகிறது. "டிரையல் ஓட்டிக்கினே பாத்துக்கலாம்" என்று சார் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குப் புதுக் குழாயில் அமோனியாவைத் திறந்துவிடப் போகிறார்கள் என்று லேபுக்கும் சொல்லவில்லை, பேக்கிங்குக்கும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தேன். மூக்கில் சுருக்கென்று ஏறியது. லேபிலும் அமோனியா பாட்டில் உண்டு என்பதால், யாரோ மூடாமல் வைத்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பாட்டில் மூடித்தான் இருந்தது. அதற்குள் கண்ணில் நீர் வழிந்தது. சைரன் அடிக்க ஆரம்பித்தது.

துண்டுகளைக் குழாயில் நனைத்துக்கொண்டு பேக்கிங்குக்கு ஓடினேன். உள்ளே பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் இருமிக்கொண்டே பாக்கெட் அடுக்குகிறார்கள். சூப்பர்வைசர், "மாக்குதான், மாக்குதான், வேலைய பாருங்க" என்று கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்.

"மாக் இல்ல, நெசம்! போட்டுட்டு வாங்க வெளிய!" என்று கத்தினேன். யாரும் நகரவில்லை. என்னைப் பார்க்கிறார்கள், அவரைப் பார்க்கிறார்கள். செல்விதான் கையில் இருந்த கிரேட்டைத் தரையில் போட்டாள். "மேடம் சொல்றாங்க இல்ல? ஓடுங்கடி!" அந்தக் குரலுக்குத்தான் எல்லோரும் அசைந்தார்கள்.

கதவைத் தாண்டியதும் பழக்கத்தில் எல்லோரும் புங்கமரத்தைப் பார்த்து ஓடப் போனார்கள். நான் கூரைமேல் காற்றின் திசை காட்டக் கட்டியிருந்த துணிப்பையைப் பார்த்தேன். காற்று பின்பக்கத்திலிருந்து வாசலைப் பார்த்து வீசியது. புதுக் குழாய் இருந்ததும் பின்பக்கம்தான். வாசலுக்கு ஓடினால் வாயுவும் கூடவே வரும். அசெம்ப்ளி பாயின்ட் என்று அங்கே பெரிய பலகை இருக்கிறது, மூன்று மொழியில். அந்தப் பலகையை மீறச் சொல்வதற்கு எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. யோசிக்கவும் நேரமில்லை. கையை விரித்து மறித்து, பக்கவாட்டில் டேங்கர் கழுவுகிற இடத்துக்கு விரட்டினேன். சூப்பர்வைசரும் கடைசியில் அங்கேதான் ஓடிவந்தார்.

இதை மட்டும் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பலகை வெகுநாளைக்கு முன்னால் எழுதியது. காற்று இப்போது வீசுவது.

டேங்கர் கழுவும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது செல்வி சுற்றிலும் பார்த்தாள். "கோகிலா எங்க?" கோகிலா புதிதாகச் சேர்ந்த பெண். பழைய குளிர் அறைக்குள் சரக்கு அடுக்கப் போயிருந்தாள். அந்தத் தடித்த கதவுக்குப் பின்னால் சைரன் கேட்காது. செல்வி என் கையிலிருந்த ஈரத் துண்டைப் பிடுங்கினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போய்விட்டாள்.

கோகிலாவை அவள் கூட்டிக்கொண்டு வந்தாள். கோகிலாவின் முகம் முழுக்க ஈரத் துண்டு சுற்றியிருந்தது. செல்வியின் முகத்தில் ஒன்றும் இல்லை. பழைய குளிர் அறைக் கதவுக்கு எதிரில்தான் புதுக் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. கண் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தாள். நான் டேங்கர் கழுவும் ஹோஸைத் திறந்து, அழுத்தத்தைக் குறைத்து, அவளைக் கீழே உட்காரவைத்து இமையைப் பிரித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். அவள் அலறினாள். நிறுத்தச் சொல்லி என் கையைக் கிள்ளினாள். மற்றவர்கள், "வுடுங்க மேடம், வண்டி வந்துடுச்சு" என்றார்கள். நான் நிறுத்தவில்லை. முதலில் தண்ணீர்தான், அப்புறம்தான் வண்டி. அவளுக்கு ஒரு கண்ணில் பாதிப் பார்வையாவது மிஞ்சியது அதனால்தான் என்று பிறகு பாண்டிச்சேரியில் டாக்டர் சொன்னார். இன்னொரு கண் போய்விட்டது. நுரையீரலும் பழையபடி ஆகவில்லை.

அன்று சாயந்திரம் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முகம் செத்துப்போயிருந்தது.

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்க ஸ்டெல்லா. நீ இன்னா சொல்லப்போற?"

"நடந்ததச் சொல்லுவேன் சார்."

"நடந்தது இன்னா? சைரன் அடிச்சுது. எல்லாரும் வெளிய வந்தாங்க. அது மாக் டிரில்தானே? அந்தப் பொண்ணு பதட்டத்துல ஓடி, தரை கழுவற கெமிக்கல் கண்ணுல பட்டுக்கிச்சு."

"அமோனியா சார்."

"புது லைன்ல சின்னதா ஒரு டிரையல் பார்த்தோம். டிரையல்னா கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும். ஆலைய மூடிட்டாங்கன்னா இந்தப் பொம்பளைங்க எல்லாம் எங்க போவாங்க? யோசிம்மா."

"டிரையல்னா முன்னாடியே சொல்லியிருக்கணும் சார். எங்க யாருக்கும் தெரியாதே."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நானும் சம்பளத்துக்கு வேலை பாக்கறவன்தான்" என்றார். அவ்வளவுதான். ஏஜென்ட்டை வாசலோடு திருப்பி அனுப்பிய அதே மனிதர்.

அந்த நாலு வார்த்தையில் கடைசி இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. டிரையல் என்றாலும் மாக் என்றாலும், நடப்பதற்கு முன்னால், அதில் மாட்டப்போகிற எல்லோரிடமும் சொல்லியாக வேண்டும். நடந்து முடிந்தபிறகு ஒன்றுக்கு டிரையல் என்று பெயர் வைத்தால் அதற்குப் பெயர் பொய். ஆங்கிலத்தில் சொன்னாலும் பொய்தான்.

மறுநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி கேன்டீனில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சாரும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் என் முறைக்காக அங்கேயே ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் மாக் என்றார். அது எனக்கு ஆச்சரியமில்லை. பிறகு பெண்கள் வந்தார்கள். முந்தின நாள் நான் கையை விரித்து மறித்த அதே பெண்கள். "மாக்குதாங்க சார்." "மாக்குன்னு சொன்னாங்க சார்." தலையைக் குனிந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கோகிலா வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவள் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"உன்னை யாரும்மா வெளிய கூட்டிக்கினு வந்தது?" என்று கேட்டார் அதிகாரி.

"நானாத்தான் வந்தேன் சார். டிரையலுன்னு சொல்லிக்கினாங்க."

என் முறை வந்தது. நான் உள்ளதைச் சொன்னேன். குழாய், காற்று, துண்டு, கண் எல்லாம் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இத்தனை பேர் ஒரு மாதிரி சொல்ல, நான் மட்டும் வேறு மாதிரி சொல்வதாக எழுதிக்கொண்டார். பாதுகாப்புப் பயிற்சியின்போது தொழிலாளியின் கவனக்குறைவால் ஏற்பட்ட காயம் என்று முடிந்துபோனது.

அந்த மாதமே என்னை விழுப்புரத்தில் இருந்த பால் குளிரூட்டும் நிலையத்துக்கு மாற்றினார்கள். ஒரே ஒரு அறை, ஒரே ஒரு மேஜை. எவ்வளவு காலம் என்று கேட்டேன். "டிரையல் பேசிஸ்ல போடுறோம், பாப்போம்" என்றார்கள். ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

செல்வியை நான் விடவில்லை. அவள் புருஷனுக்குக் கம்பெனியை எதிர்க்கப் பயம். "வாணாம் மேடம், நாங்க இன்னா செஞ்சி அவங்கள ஜெயிக்க முடியும்" என்றார். செல்விதான் வழக்குப் போடுவதில் உறுதியாக நின்றாள். விழுப்புரத்தில் இழப்பீட்டு வழக்கு நடந்தது. ஒலக்கூரிலிருந்து அவளைக் கூட்டிவருவது அவள் புருஷன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோர்ட்டுக்குக் கூட்டிப்போவது நான். வாய்தாமேல் வாய்தாவாக இழுத்து, ஒருநாள் எங்கள் வக்கீல் உற்சாகமாக வந்து, "டிரையலுக்கு வந்துடுச்சும்மா" என்றார்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே விறைத்துவிட்டாள். "இன்னா மேடம் இது, இதுவும் டிரையலா?"

"இது வேற செல்வி. கோர்ட்டுல சாட்சிய விசாரிச்சு உண்மையக் கண்டுபுடிக்கிறதுக்கும் அந்த வார்த்தைதான்."

"அதே வார்த்தையா?" என்றாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "வேற வார்த்தையே கெடைக்கலியா அவங்களுக்கு?"

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் ரொம்பப் பணிவாகப் பேசினார்.

"நீங்க கெமிஸ்ட்தானே மேடம்?"

"ஆமாங்க."

"அன்னைக்கு வந்தது அமோனியாதான்னு டெஸ்ட் பண்ணீங்களா?"

"மூக்குல ஏறினதுமே தெரிஞ்சுது. லேப்ல தினம் கையாளற பொருள்."

"நான் கேட்டது அது இல்லைங்களே. டெஸ்ட் பண்ணீங்களா, இல்லையா?"

"ஆளுங்கள வெளிய கூட்டிக்கினு வர்றதுக்கே நேரம் இல்ல."

"பண்ணீங்களா, இல்லையா?"

"இல்ல."

"நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க நான் சோறு சாப்பிட்ட வார்த்தை அது. அதாலேயே என் வாயை அடைத்தார்கள்.

அதற்குப் பிறகு செல்விக்குத் தெம்பு குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் புகையில் வந்துபோனால் வாரக்கணக்கில் படுத்துவிடுவாள். கம்பெனி தரப்பில் சமாதானம் பேசினார்கள். எங்கள் மேல் தப்பில்லை, இரக்கத்தின் பேரில் கொஞ்சம் தருகிறோம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். "உங்களுக்கு மூச்சு இருக்குது மேடம், சண்ட போடுவீங்க. எனக்கு இல்ல" என்றாள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்ட அவள் புருஷன் விரலைப் பிடித்து வைத்தார். போட்டாள்.

கோர்ட்டை விட்டு வெளியே வரும்போது படிக்கட்டுப் பக்கத்தில் கோகிலா நின்றிருந்தாள். சீருடையிலேயே வந்திருந்தாள். வேலையிலிருந்து பாதியில் கிளம்பியிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் நேராகச் செல்வி முன்னால் வந்து நின்றாள்.

"யக்கா, நான் கோகிலா. உள்ள வந்து ஜட்ஜுகிட்ட சொல்லிடறேன்க்கா. நீதான் என்னை இஸ்துக்கினு வந்தேன்னு, நெசமாத்தான் அமோனியா கேஸு வந்துச்சின்னு, எல்லாத்தையும் சொல்லிடறேன். வேல போனா போவட்டும்."

எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் எங்கே போயிருந்தாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். செல்வி என் கையை அழுத்தி நிறுத்தினாள். மிஞ்சியிருந்த அரைக் கண்ணால், கழுத்தைச் சாய்த்து, அந்தப் பெண் நின்ற பக்கமாக உற்றுப் பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சுடி. இப்பதான் கையெழுத்து போட்டேன்."

கோகிலா அழ ஆரம்பித்தாள்.

"உனக்கு இருமல் கிருமல் எதுனா வருதா?"

"இல்லக்கா."

"கண்ணு எரியுதா?"

"இல்லக்கா."

"அப்ப கெளம்பு. லேட்டாப் போனா உள்ள சேக்கமாட்டான் அந்த சூப்பர்வைசரு" என்றாள் செல்வி.

கோகிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் போய்விட்டாளா என்று செல்வி என்னிடம் கேட்டாள். போய்விட்டாள் என்றேன். அதன்பிறகுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள்.